சபை விற்ற அதிர்ஷ்டச் சீட்டு

எழுபதுகளின் கடைசியில், ஆரணியில் நான் பள்ளிக்கூட டீச்சராக வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எங்கள் கிறிஸ்தவ சபையின் கமிட்டியில் செயலாளர் பொறுப்பும் அப்போது என்னிடம்தான் இருந்தது. அந்தப் பொறுப்புக்கு ஒரு பெண் வந்தது அதுவே முதல் தடவை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பாவைப் பற்றியும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் சீட்டு ஆடுவார். வந்தவாசியில் ஒரு கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். சம்பளம் வாங்கிய அன்று வீட்டுக்கு வருவதற்குள் பாதி போய்விடும். அம்மா தைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்த தையல் மெஷினும் ஒரு நாள் போயிற்று. அம்மா அழுதால், "இவ்வளவு போட்டாச்சு, இப்ப விட்டா எல்லாம் வீணாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கிளம்புவார். கெட்ட மனிதர் இல்லை. எங்களை அடித்ததில்லை, குடித்ததில்லை. ஆனால் அவர் செத்தபோது எங்கள் வீட்டில் ஒரு நல்ல பாத்திரம்கூடக் கிடையாது. மிஷன் ஹாஸ்டலில் சேர்ந்து, யார் யாரோ கொடுத்த உதவியில் நான் படித்தேன். அதனால் சூதாட்டம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உடம்பு எரியும்.

அந்தக் காலத்தில் ஆரணி பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒருவர் லாட்டரிச் சீட்டு விற்பார். முப்பத்தைந்து வயசிருக்கும். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் இடது கால் சூம்பிப்போய், கம்பு ஊன்றி நடப்பார். ஒரு மேஜை, அதற்கு மேல் கயிறு கட்டிக் கிளிப் மாட்டித் தொங்கவிட்ட சீட்டுகள், ஒரு சின்ன மைக் செட். அவருடைய குரல் இருக்கிறதே, அது மைக் இல்லாமலே மார்க்கெட் வரைக்கும் கேட்கும். போளூர் பஸ்ஸில் ஏறப் போகிறவர்கூட ஒரு நிமிஷம் நின்று திரும்பிப் பார்ப்பார். பட்டுக்கூலி வாங்கிக்கொண்டு வருகிற நெசவாளிகள், நெல் விற்றுவிட்டு வருகிற விவசாயிகள் என்று அவர் மேஜையைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பார்கள்.

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, பல வருஷம் கோயில் பக்கமே வராமல் இருந்தவர் அவர். அந்த வருஷம் திடீரென்று ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கடைசி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். சில மாதம் கழித்து, அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்தில் தானும் பங்கெடுக்கலாமா என்று ஆயரிடம் கேட்டிருக்கிறார். எங்கள் ஆயர் அப்போதுதான் புதிதாக மாற்றலாகி வந்த இளைஞர். எதையும் கமிட்டியைக் கேட்டுச் செய்கிறவர். விஷயத்தைக் கமிட்டியில் வைத்தார்.

நான்தான் எழுந்து பேசினேன். ஏழையின் ஆசையைக் காசாக்கிப் பிழைக்கிறவர் ஆண்டவருடைய மேஜைக்கு எப்படி வரலாம் என்று கேட்டேன். அரசாங்கமே விற்கிற சீட்டுதானே, இதில் அவர் மேல் என்ன குற்றம் என்றார் எங்கள் பொருளாளர். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் அவர். கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் அரசாங்கம் சாராயக் கடைக்குக்கூட உத்தரவு கொடுத்தது, அதற்காக நாம் குடிக்கலாமா என்று நான் திருப்பிக் கேட்டேன். பிறருடைய பொருளை இச்சிக்காதே என்ற கட்டளை, நெற்றி வியர்வையில் சாப்பிடு என்று ஆதாமுக்குச் சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தேன். அந்தத் தொழிலை விட்டுவிட்டு ஆறு மாதம் ஆகட்டும், பிறகு பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

அவர் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். நானே போய்ச் சொன்னேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டி, "சரிங்க டீச்சர். எனக்கே கொஞ்ச நாளா மனசு ஒப்பல. யாருனா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார்.

அந்த வாரமே மேஜையை எடுத்துவிட்டார். மைக் செட்டைச் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த தடவை நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது, கழுத்தில் ஒரு தட்டை மாட்டிக்கொண்டு சீப்பு, ஊக்கு, சின்னக் கண்ணாடி விற்றுக்கொண்டிருந்தார். அந்தக் காலை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறி இறங்க முடியாது. ஜன்னலுக்குக் கீழே நின்று தட்டைத் தூக்கிக் காட்டுவார். வியாபாரம் ஒன்றும் பெரிதாக ஆகவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. எனக்குப் பாவமாக இருந்தாலும், ஒரு ஆத்துமாவைத் திருத்திவிட்டோம் என்ற திருப்திதான் அதிகமாக இருந்தது.

அந்த மழைக்காலத்தில் எங்கள் கோயில் கூரை ஒழுகியது. பழைய ஓட்டுக் கட்டிடம். உத்திரம் இரண்டு உளுத்துப்போயிருந்தது. அடுத்த மழைக்குள் சரி செய்யாவிட்டால் கூரை தலையில்தான் விழும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். சபையில் பெரும்பாலும் கூலிக்காரர்கள். எவ்வளவுதான் காணிக்கை போடுவார்கள்?

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நவரைப் பட்டத்து நெல் அறுவடை முடிந்து, ஈஸ்டருக்குப் பிறகு எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை நடக்கும். அன்றைக்கு ஒரு பரிசுக் குலுக்கல் வைத்தால் என்ன? என் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் அப்பா பட்டுத்தறி வைத்திருந்தார். இந்துக் குடும்பம், ஆனால் எங்கள் மேல் நல்ல மரியாதை. கோயில் கூரைக்கு என்று சொன்னதும், மாம்பழ நிறத்தில் அரக்கு பார்டர் போட்ட ஒரு பட்டுப்புடவையை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஆயர் தயங்கினார். "சீட்டுன்னு வந்தா நல்லா இருக்குமா டீச்சர்?" என்று கேட்டார். சீட்டு என்று போட வேண்டாம், அன்பளிப்புக் கூப்பன் என்று போடலாம் என்றேன். அவ்வளவுதான் நான் செய்த மாற்றம். அச்சாபீசில் கொடுத்து, நம்பர் போட்டு, பாதியைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பாதியில் பெயர் எழுதிக்கொள்கிற மாதிரி புத்தகம் புத்தகமாக அடித்து வாங்கினோம். லாட்டரிச் சீட்டும் கூப்பனும் ஒன்றல்லவா என்று எனக்கு அப்போது ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. இது ஆண்டவருடைய வேலை, பணம் கூரைக்குப் போகிறது, இதில் தோற்பவர் யாருமில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில், தெருவில், கடைகளில் என்று ஓடி ஓடி விற்றேன். கமிட்டியில் என்னை விட அதிகம் விற்றவர் யாருமில்லை.

எங்கள் சபையில் ஒரு அம்மா இருந்தார். புருஷன் இல்லை. தறிகளுக்குத் தார் சுற்றிக் கொடுப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. ராட்டையைச் சுழற்றி, தறியில் இப்படியும் அப்படியும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் பட்டு இழையைச் சுற்றிக் கொடுக்கும் வேலை. ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முதல் வாரம் இரண்டு கூப்பன் வாங்கினார். அடுத்த வாரம் மூன்று. பிறகு பார்க்கிற இடத்தில் எல்லாம், "டீச்சர், புக்கு கீதா?" என்று கேட்பார். அந்தப் புடவைக்குத் தார் சுற்றியதே தான்தானாம். அதனால் கர்த்தர் அதைத் தன் மகளுக்கென்றே வைத்திருக்கிறார் என்று சொல்வார். எவ்வளவு விசுவாசம் என்று எண்ணி எனக்குக் கண்ணில் நீரே வந்தது. அவர் வீடு வரைக்கும் போய்க்கூட நான் கூப்பன் கிழித்துக் கொடுத்திருக்கிறேன்.

பண்டிகைக்குச் சரியாக எட்டு நாள் இருந்தது. சனிக்கிழமை காலை. வீட்டு வாசலில் கம்பு தட்டுகிற சத்தம் கேட்டது. வந்தவர் அந்தச் சீப்பு விற்கிறவர். அவருக்கு வைத்த ஆறு மாதம் முடிந்திருந்தது. பண்டிகை ஆராதனையில் அவர் முதல் தடவையாகத் திருவிருந்து எடுப்பதாக ஏற்பாடு. அது விஷயமாக வந்திருப்பார் என்று நினைத்து நாற்காலி போட்டு உட்காரச் சொன்னேன். காபி கொடுத்தேன். அவர் குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒண்ணு கேக்கணும். கேட்டா கோச்சுக்கக் கூடாது" என்றார்.

கேளுங்கள் என்றேன்.

"நான் வித்த சீட்டுக்கும் நீங்க விக்கிற சீட்டுக்கும் இன்னா வித்தியாசம் டீச்சர்?"

இது கோயிலுக்காக என்று உடனே சொன்னேன்.

"நானும் அப்படித்தான் சொல்லி வித்தேன். அதுல வர்ற துட்டுலதான் ரோடு போடறாங்க, ஆஸ்பத்திரி கட்டறாங்கன்னு." குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. உண்மையாகவே தெரிந்துகொள்ள வந்த மாதிரிதான் கேட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் ஏதோ பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. அவர் தார் சுற்றுகிற அம்மாவைப் பற்றிச் சொன்னார். முந்தின நாள் அந்த அம்மா பஸ் ஸ்டாண்டுக்கே அவரைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். எட்டு வருஷம் சீட்டு விற்றவனாயிற்றே, எந்த நம்பர் விழும் என்று உனக்குத் தெரியாமலா இருக்கும், சொல் என்று கேட்டிருக்கிறார்.

"எனக்கு அந்த மொகம் தெரியும் டீச்சர். எட்டு வருசம் அந்த மொகத்தப் பாத்துத்தான் நான் சீட்டுக் கிழிச்சேன். ஒருத்தரு புள்ள பொறந்த தேதின்னுவாரு, ஒருத்தரு கனாவுல பஸ் நம்பர் வந்துச்சின்னுவாரு. எல்லாருக்கும் ஒரு அடையாளம் இருக்கும். இந்தம்மாவுக்குத் தாரு. அத்த நெனச்சா ராத்திரி சோறு எறங்கல."

நான் சொல்லக் கூடாததைச் சொன்னேன். அடுத்த வாரம்தான் சபையில் சேரப் போகிறீர்கள், அதற்குள் சபை நடத்துகிறவர்களுக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். காபி அப்படியே இருந்தது. தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னிக்கச் சொல்லிவிட்டுக் கம்பை ஊன்றி எழுந்து போய்விட்டார்.

அன்றைக்கு எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. சமைக்கும்போது அவரோடு வாதாடிக்கொண்டே இருந்தேன். பரீட்சைப் பேப்பர் திருத்தும்போதும் வாதாடினேன். எல்லா வாதத்திலும் நான்தான் ஜெயித்தேன், ஆனாலும் மனசு அடங்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். சீப்பு விற்கிறவர் சொன்னது பொய் என்று நிரூபித்துவிட வேண்டும் என்றுதான் போனேன்.

அந்த அம்மா ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பெட்டியைத் திறந்து கூப்பன்களை எடுத்துத் தரையில் பரப்பினார். நான் விற்றதைவிட நிறைய இருந்தது. கமிட்டியில் மற்றவர்களிடமும் வாங்கியிருக்கிறார். ஒற்றைப்படை ஒரு வரிசை, இரட்டைப்படை ஒரு வரிசை. மகள் அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கிவிட்டீர்களா என்று பேச்சுக்குக் கேட்டேன். மகள்தான் பதில் சொன்னாள். பாத்திரத்துக்கு என்று எடுத்து வைத்ததெல்லாம் இப்போது தரையில்தான் இருக்கிறது என்றாள்.

அம்மா அவளை அதட்டிவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை என் முன்னால் நீட்டினார். "இன்னும் ரெண்டு குடுங்க டீச்சர். இத்தினி போட்டாச்சு, இப்ப உட்டா எல்லாம் வீணாப் பூடும்."

என் வீட்டில், என் அம்மாவுக்கு முன்னால் நின்று, என் அப்பா சொன்ன வார்த்தை அது. கூப்பன் புத்தகம் என் பையில் இருந்தது. என் கை பைக்குள்கூடப் போய்விட்டது. அன்றைக்கு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து சீட்டுப் போட்ட முகம் தெரியாத ஆட்களைச் சின்ன வயதில் எவ்வளவு சபித்திருப்பேன். இப்போது அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

புத்தகம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு எழுந்தேன். நேராக ஆயர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் என்னைத் தேற்றவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை அன்றே தனக்கு உறுத்தியது என்றார். சிலுவைக்குக் கீழே படைவீரர்கள் ஆண்டவருடைய அங்கியைக் கிழிக்காமல் யாருக்கு என்று சீட்டுப் போட்டார்களே, அந்தப் பகுதியை அன்றைக்கு வாசிக்கும்போது, பக்கத்து அறையில் நாம் குலுக்கப் போகிற புடவை இருக்கிறதே என்று நினைப்பு வந்ததாம். வாசிப்பு ஒரு நொடி தடைப்பட்டதாம். "சொல்லியிருக்கணும். நீங்க வருத்தப்படுவீங்கன்னு விட்டுட்டேன். அது என் தப்பு" என்றார்.

வெளிச்சம் இருக்கும்போதே கமிட்டியைக் கூட்டிவிட்டார். பொருளாளர் ஒத்துக்கொள்ளவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஒழுகுகிற கூரை அவர் பொறுப்பு. யூதாசுக்குப் பதில் ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்க அப்போஸ்தலர்களே சீட்டுப் போட்டார்கள், கானான் தேசத்தையே சீட்டுப் போட்டுத்தான் பிரித்துக் கொடுத்தார்கள், லாட்டரி வாங்காதே என்று வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆறு மாதத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் நான் அவரை ஒரு கை பார்த்திருப்பேன். அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

ஆயர்தான் பேசினார். அவர்கள் போட்டது தேவனுடைய சித்தம் என்ன என்று தெரிந்துகொள்ள, அதில் யாரும் யாருடைய கூலியையும் எடுத்துக்கொள்ளவில்லை என்றார். நம்முடைய குலுக்கலில் ஒருவர் கைக்குப் புடவை போக வேண்டுமானால் நூறு பேர் ஏமாற வேண்டும், அந்த நூறு பேரும் நம் ஆட்கள் என்றார். வாங்குகிற எல்லாருக்கும் இது பாவமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, சும்மா கோயிலுக்கு உதவலாம் என்று வாங்கியவர்கள்தான் அதிகம் இருப்பார்கள், ஆனால் ஒரே ஒரு அம்மா இதில் இடறி விழுகிறார் என்று தெரிந்த பிறகும் நடத்தினால் நமக்கு அது பாவம்தான் என்று நிறுத்தினார். பொருளாளர் கணக்கு நோட்டை மூடி வைத்தார். பிறகு, "சரி, அப்ப மழ வந்தா எல்லாரும் கொட எடுத்துகினு வாங்க" என்றார். அதுதான் அவர் சம்மதம்.

மறுநாள் ஆராதனையில் நான் எழுந்து நின்று சொன்னேன். ஆயர் தானே அறிவிப்பதாகச் சொன்னார், நான் விடவில்லை. குலுக்கல் கிடையாது, கொடுத்த பணம் எல்லாம் வீடு தேடி வரும், யோசனை என்னுடையது, தவறும் என்னுடையது என்றேன். கடைசி பெஞ்சைப் பார்த்து, இதை எனக்கு வந்து சொன்னவரை நான் அவமானப்படுத்தி அனுப்பினேன், அவரிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அவர் எழுந்து நிற்கப் பார்த்தார், கம்பு கைக்கு எட்டாமல் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரம் முழுவதும் பள்ளிக்கூடம் விட்டதும் வீடு வீடாகப் போனோம். நானும் அவரும்தான். நான் கேட்காமலே அவர் கூட வந்தார். பெரும்பாலான பேர் பணத்தை வாங்கவில்லை, காணிக்கையாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு மளிகைக் கடைக்காரர், சீட்டு வித்துட்டுத் துட்ட திருப்பிக் குடுக்கிற ஆள இப்பத்தான் பாக்கறேன் என்று சிரித்து எங்களுக்கு ஆளுக்கொரு சோடா கொடுத்தார்.

தார் சுற்றுகிற அம்மா மட்டும் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "எனக்கு வர இருந்தத நீங்க கெடுத்துட்டீங்க. கர்த்தரு குடுக்கறத தடுக்க நீங்க யாரு?" என்று கேட்டார். எண்ணி எடுத்து வந்ததை அவர் முன்னால் வைத்தேன். பணத்தை அவர் தொடவில்லை. மகள் வந்து வாங்கிக்கொண்டாள். தெருமுனை வரைக்கும் கூட வந்து, "நானும் எத்தினியோ தபா சொன்னேன் டீச்சர், கேக்கல. கோயிலு சீட்டாச்சே, அது எப்படித் தப்பாவும்னு என்னையே திட்டிச்சு" என்றாள். அந்த அம்மா சொன்னதைவிட இதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

புடவையைத் திருப்பிக் கொடுக்கத் தறிக்காரர் வீட்டுக்கும் போனோம். அவர் தறியில் இருந்து இறங்கி வந்து முழுவதையும் கேட்டார். குடுத்தது குடுத்ததுதான் என்று சொல்லிவிட்டார். "ஏலம் வுடுங்க. எடுக்கிறவன் இன்னா வெலைன்னு தெரிஞ்சு எடுப்பான். எடுக்காதவன் ஒண்ணும் எழக்க மாட்டான்" என்றார். அறுப்பின் பண்டிகையில் காய்கறி, கோழி எல்லாம் ஏலம் விடுவது எங்களுக்கு வழக்கம்தான். அந்தப் புடவையையும் அதில் சேர்க்கலாம் என்று இத்தனை நாள் எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஏலம் கூறுவது யார் என்று பேச்சு வந்தபோது பொருளாளரே சீப்பு விற்கிறவர் பேரைச் சொன்னார். வழக்கமாக ஏலம் விடுகிறவருக்குத் தொண்டை கட்டியிருந்தது என்பது ஒரு காரணம். பண்டிகை அன்று அவர் மேஜை ஓரமாகச் சாய்ந்து நின்று வாயைத் திறந்தார். ஆறு மாதமாக ஜன்னலுக்குக் கீழே நின்று சீப்பு விற்றுக்கொண்டிருந்த குரல் அது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். ஒரு பூசணிக்காயை வைத்துக்கொண்டு சபையையே சிரிக்க வைத்தார். ஆனால் ஒன்று கவனித்தேன். தாங்க முடியாதவர் யாராவது வேகத்தில் ஏற்றிக் கேட்டால், "அண்ணே, வூட்ல கேட்டுக்கினு வந்து சொல்லுங்க" என்று சொல்லி அடுத்தவரைப் பார்த்துவிடுவார். புடவையைக் கடைசியில் ஒரு அரிசி வியாபாரி எடுத்தார், நியாயமான விலைக்கு. கூரையில் பாதி அந்த வருஷம் வேய்ந்தோம். மீதிப் பாதி அடுத்த வருஷம். நடுவில் வந்த மழையில் கமிட்டிக்காரர்கள் உட்காரும் பக்கம்தான் ஒழுகியது.

ஏலம் நடந்த அந்தப் பண்டிகை நாள் காலை ஆராதனையில்தான் அவர் முதல் தடவையாகத் திருவிருந்து எடுத்தார். அவருக்குப் பக்கத்தில் முழங்கால் போட நான் போகவில்லை, பெஞ்சிலேயே இருந்துவிட்டேன். எனக்குத் தகுதி இல்லை என்று தோன்றியது. எல்லாரும் எடுத்து முடித்த பிறகு ஆயர் என்னைப் பார்த்தார். பொருளாளரின் மனைவி என் முழங்கையைத் தொட்டு, போங்க என்றார். போனேன். அவருக்கு நான் ஆறு மாதம் தவணை வைத்தேன். எனக்கு யாரும் ஒரு நாள்கூட வைக்கவில்லை.

அந்த ஏலத்தைப் பார்க்க வந்திருந்த ஒரு மண்டிக்காரர் அடுத்த வாரமே அவரைக் கூப்பிட்டு, தன் கமிஷன் மண்டியில் காய்கறி ஏலம் கூறும் வேலை கொடுத்தார். உட்கார்ந்துகொண்டே செய்யலாம். அதில் நிலைத்துவிட்டார். பின்னாளில் கமிட்டியிலும் இருந்தார். பஸ் ஸ்டாண்டில் அவர் இருந்த இடத்தில் வேறு ஒருவர் லாட்டரி மேஜை போட்டார். அந்த வியாபாரம் ஓயவில்லை. நான் அதைக் கடந்து போகும்போது முன்னைப் போல முறைத்துப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

தார் சுற்றுகிற அம்மா என்னோடு பேச ஒன்றரை மாதம் ஆயிற்று. ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் வெற்றிலைப் பாக்கோடு வந்து நின்றார். மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்திருந்தார். திரும்பக் கிடைத்த பணத்தில் பாத்திரம் வாங்கிவிட்டார்களாம். ஒரு செயற்கைப் பட்டுப் புடவையும் எடுத்திருக்கிறார்களாம். என்ன நிறம் என்று கேட்டேன். சொன்னார். பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "எனக்குப் பைத்தியம் புடிச்ச மாதிரி இருந்துச்சு டீச்சர். எப்ப உட்டுச்சுன்னே தெரியல" என்றார். கல்யாணத்துக்கு நானும் மண்டியில் ஏலம் கூறுகிறவரும் கமிட்டியும் எல்லாரும் போனோம். பெண் அந்தப் புடவையில் நன்றாகத்தான் இருந்தாள்.

என் அப்பாவை நான் மன்னித்தது அந்த வருஷத்தில்தான். சூது தப்பு என்ற என் எண்ணம் இன்றைக்கும் மாறவில்லை. ஆனால் அவர் எப்படி அதில் விழுந்தார் என்பது எனக்கு அதுவரை புரிந்ததில்லை. நல்ல காரணம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நானே எவ்வளவு தூரம் நடந்துவிட்டேன் என்று பார்த்த பிறகு புரிந்தது.

பல வருஷம் கழித்து ஒரு தடவை அந்த ஏலக்காரரிடம் கேட்டேன், அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து சொல்ல உங்களுக்குப் பயமாக இல்லையா என்று. திருவிருந்து கிடைக்காமலே போய்விடும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன் என்று சாதாரணமாகச் சொன்னார். ஆறு மாதம் பசியோடு காத்திருந்த ஒன்றை இழந்தாலும் பரவாயில்லை என்று, என் தவறை என்னிடமே வந்து மெதுவாகச் சொன்ன அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம், இன்னொருவருக்காக அப்படி ஒரு படி ஏறிப் போகிற தைரியம் எனக்கும் வர வேண்டும் என்று ஜெபித்துக்கொள்கிறேன்.